மன்னரின் கொடியை ஏந்தியவர்

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைப் படிக்கும்போது கொப்பியின் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்வது என் வழக்கம். இடப்பக்கம் மன்னரின் ஆட்கள், வலப்பக்கம் பாராளுமன்றத்தின் ஆட்கள். மன்னரின் அதிகாரம் இறைவன் கொடுத்தது என்று நம்பியவர்கள் ஒரு பக்கம், வரி விதிக்கவும் சட்டம் இயற்றவும் மக்கள் பிரதிநிதிகளின் சம்மதம் வேண்டும் என்றவர்கள் மறுபக்கம். பரீட்சைக்கு இது வசதியான கோடு. ஆனால் இந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்த ஒருவர் உண்டு. அவர் சேர் எட்மண்ட் வேர்னி. மன்னரின் கொடியைத் தாங்கி, மன்னருக்காகவே களத்தில் இறந்தவர் அவர். அதே வேளை, அந்தச் சண்டையில் நியாயம் மன்னரின் பக்கம் இல்லை என்று எண்ணியவரும் அவர்தான்.

வேர்னி குடும்பத்தார் பக்கிங்ஹாம்ஷயரில் பரம்பரையாகக் காணி உடையவர்கள். கிளேய்டன் என்ற கிராமம் அவர்களுக்குச் சொந்தமாக இருந்தாலும் அங்கிருந்த பெரிய வீட்டையும் நிலத்தையும் முன்னோர் நெடுங்காலக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார்கள். எட்மண்ட் 1590இல் பிறந்தார். 1600இல் தகப்பனார் காலமானபோது அவர் பத்து வயதுப் பிள்ளை. சொத்து அவருக்கும், தகப்பனாரின் முந்திய மனைவியின் மகனான பிரான்சிஸுக்கும் பங்கிடப்பட்டது.

இந்த பிரான்சிஸைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. பங்கு தனக்குக் குறைந்துவிட்டது என்று அவர் வழக்காடித் தோற்றார். மனக்கசப்போடு தன் காணிகளை விற்றுவிட்டு நாட்டை விட்டே போனார். வட ஆபிரிக்கக் கரையில் கடற்கொள்ளையர்களோடு சேர்ந்தார். அவர் இஸ்லாத்தைத் தழுவிவிட்டார் என்று இங்கிலாந்தில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் 1615இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் ஒரு வைத்தியசாலையில் யாருமற்றவராக இறந்தார். அவருடைய தலைப்பாகையும் பட்டு அங்கிகளும் பாதணிகளும் ஊருக்கு அனுப்பப்பட்டு, கிளேய்டன் வீட்டிலே பாதுகாக்கப்பட்டன. இதை வாசித்தபோது எட்மண்டை விட்டுவிட்டு இவரைப் பற்றியே எழுதுவோமா என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. ஆனால் குடும்பத்தை உதறிவிட்டுப் போன அண்ணனின் கதையை விட, எதையுமே உதற முடியாமல் நின்ற தம்பியின் கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எட்மண்ட் இளவயதிலேயே அரண்மனைச் சேவைக்குப் போனார். முதலில் இளவரசர் ஹென்றியிடம் வேலை பார்த்தார். 1611இல் சேர் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஹென்றி காய்ச்சலில் இறந்துபோக, தம்பியான இளவரசர் சார்ள்ஸின் பணியாளர் குழுவுக்கு மாறினார். அன்று தொடங்கிய உறவு முப்பது ஆண்டுகள் நீடித்தது. 1623இல் சார்ள்ஸ் ஸ்பானிய இளவரசியை மணம் பேச மெட்ரிட் நகருக்குப் போனபோது எட்மண்டும் அங்கே இருந்தார். கூட வந்த பணியாளச் சிறுவன் ஒருவன் அங்கே மரணப் படுக்கையில் கிடந்தான். அவனைக் கத்தோலிக்க மதத்துக்கு மாற்றுவதற்காக ஒரு குரு அவனுடைய அறைக்குப் போக முயன்றார். எட்மண்டுக்குக் கோபம் வந்து அந்தக் குருவை அறைந்துவிட்டார். அந்நிய நாட்டில், கலியாணம் பேசப் போன இடத்தில், இது எவ்வளவு பெரிய சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல மனிதர்தான், ஆனால் சட்டென்று பொங்கிவிடும் குணம்.

சார்ள்ஸ் மன்னரானபின் எட்மண்டுக்கு அரண்மனையின் ஒழுங்கைக் காக்கும் மார்ஷல் பதவி கிடைத்தது. மன்னர் தங்கும் இடத்தைச் சுற்றிப் பன்னிரண்டு மைல் எல்லைக்குள் நடக்கும் குற்றங்களை விசாரிப்பதும் ஒழுங்கீனர்களை அடக்குவதும் அந்தப் பதவியின் பொறுப்பு. மதிப்பான வேலைதான். ஆனால் அரண்மனைச் சேவையில் மதிப்பு வருவது போலப் பணம் வருவதில்லை. வரவேண்டியது நிலுவையில் நிற்கும், செலவு மட்டும் உரிய நேரத்துக்கு வரும். பணத்துக்காக அவர் சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமாக்கும் திட்டங்களிலும் வாடகைக் குதிரை வண்டித் தொழிலிலும் ஈடுபட்டார். பெரிய இலாபம் எதுவும் கிடைக்கவில்லை. கடன்தான் மிஞ்சியது.

இதற்கிடையே 1612இல் பக்கத்து ஊரான ஹில்ஸ்டனைச் சேர்ந்த மார்கரெட் டென்டனை மணந்தார். பிள்ளைகள் பன்னிரண்டு பேர் பிறந்து பத்துப் பேர் வளர்ந்தார்கள், நான்கு ஆண்கள், ஆறு பெண்கள். 1620இல் கிளேய்டன் வீட்டுக் குத்தகையைப் பணம் கொடுத்து மீட்டு அங்கே குடியேறினார்கள். அவர் அரண்மனையில் இருக்கும் மாதங்களில் காணியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர் மார்கரெட்தான். மூத்த மகன் ரால்ப் தகப்பனுக்கு நேர்மாறு. நிதானமானவர், எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பழக்கம் உடையவர், வந்த கடிதம் ஒன்றையும் எறியாதவர். இரண்டாவது மகன் தொமஸ் குடும்பத்துக்குத் தலைவலி. அவரை வெர்ஜீனியாவுக்குக் கப்பலேற்றியும் பார்த்தார்கள், வெகு சீக்கிரம் திரும்பி வந்துவிட்டார். மூன்றாவது மகனுக்குத் தகப்பனின் பெயர்தான், எட்மண்ட். குணமும் அப்படியே, பிறவிப் படைவீரர்.

தகப்பனும் ரால்பும் மகனும் தகப்பனுமாக மட்டும் இருக்கவில்லை. வீட்டுக் கணக்கு, தங்கைமாரின் எதிர்காலம், கடன்காரர்களின் நெருக்கடி எல்லாவற்றையும் ஒருவரிடம் ஒருவர் மறைக்காமல் பேசிக்கொண்டார்கள். 1639இல் மன்னர் சார்ள்ஸ் ஸ்கொட்லாந்தின் மேல் படையெடுத்தார். தம் விருப்பத்துக்கு மாறான தொழுகை நூலை ஸ்கொட்லாந்து மக்கள் ஏற்க மறுத்ததுதான் காரணம். அப்போதே உடல்நலம் குன்றியிருந்த எட்மண்ட், வேலைக்கடமை என்பதற்காக மன்னரோடு வடக்கே போனார். அங்கிருந்து ரால்புக்குக் கடிதத்தின் மேல் கடிதம் எழுதினார். படைக்கு ஆயத்தமும் இல்லை, மனமும் இல்லை, இந்தச் சண்டை வேண்டாத சண்டை என்பதுதான் அவற்றின் சாரம். பேச்சுவார்த்தைக்கு வழி திறக்க ஸ்கொட்லாந்துப் பாசறைக்கு அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். தனக்கு உடன்பாடில்லாத படையெடுப்பிலும் சமாதானத் தூது போகும் வேலை அமைந்தது அவருக்குச் சிறிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பதினொரு ஆண்டுகள் பாராளுமன்றத்தைக் கூட்டாமல் ஆண்ட மன்னர், பணத் தட்டுப்பாட்டால் 1640இல் அதைக் கூட்டவேண்டி வந்தது. அந்த அவையில் தகப்பனும் மகனும் ஒரே நேரத்தில் அமர்ந்தார்கள். எட்மண்ட் விக்கம் தொகுதிக்கு, ரால்ப் அயில்ஸ்பரி தொகுதிக்கு. ரால்ப் பென்சிலால் துண்டுத் தாள்களில் அவையின் விவாதங்களைக் குறித்துக்கொண்டே இருந்தார். வரலாற்றாசிரியர்களுக்கு இன்று அந்தத் தாள்கள் பொக்கிஷம். மன்னர் சம்மதமின்றி வரி திரட்டியதையும், ஆயர்களின் கையில் அளவுக்கு மீறிய அதிகாரம் இருந்ததையும் தகப்பனும் ஏற்கவில்லை, மகனும் ஏற்கவில்லை. கொள்கையில் அவர்களுக்கிடையே ஒரு விரற்கடை தூரம்கூட இருக்கவில்லை. அதனால்தான் அடுத்து நடந்தது இவ்வளவு வலிக்கிறது.

1641இல் மார்கரெட் இறந்தார். வீட்டை ஒன்றாகக் கட்டி வைத்திருந்த கை இல்லாமற்போனது. அடுத்த ஆண்டு மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இருந்த உறவும் முறிந்தது. மன்னர் இலண்டனை விட்டு வடக்கே போனார். ஒவ்வொருவரும் பக்கம் சேரவேண்டிய காலம். ரால்ப் பாராளுமன்றத்தோடு நிற்பதாக உறுதி கொடுத்தார். எட்மண்ட் மன்னர் இருந்த இடத்துக்குக் குதிரையேறினார்.

இதை எழுதும்போது எங்கள் வீட்டு நினைவு வந்தது. தேர்தல் காலத்தில் வாப்பாவும் காக்காவும் வேறு வேறு கட்சிக்குப் பேசுவார்கள். இராச் சாப்பாட்டில் சத்தம் கொஞ்சம் கூடும். உம்மா கறிச்சட்டியை இருவருக்கும் நடுவே வைத்துவிட்டு, சோறு ஆறுகிறது என்று மட்டும் சொல்வார். பேச்சு அத்தோடு அடங்கிவிடும். கிளேய்டனில் நடுவே சட்டி வைக்க மார்கரெட் இல்லை. குடும்ப நண்பரான சசெக்ஸ் பிரபுவின் மனைவிதான் இரு பக்கமும் கடிதம் எழுதி, தகப்பனின் மனம் எவ்வளவு நொந்திருக்கிறது என்று மகனுக்கும், மகனைக் கைவிட வேண்டாம் என்று தகப்பனுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது மகன் எட்மண்ட் மன்னரின் படையில் சேர்ந்துவிட்டார். மன்னருக்கு மட்டுமல்ல, தகப்பனுக்கே எதிராக நிற்கிறாய் என்று அவர் அண்ணனுக்குக் கோபமாக எழுதினார். பின்பு மனம் கேளாமல் அன்பாகவும் எழுதினார்.

அந்தக் கோடையில் எட்மண்ட் தன் காணியின் காரியஸ்தருக்கு அனுப்பிய கடிதம் ஒன்று உண்டு. பெரும் போர் நிச்சயம் வரப்போகிறது, வரவேண்டிய பணத்தை விரைவாகத் திரட்டிக்கொள், வீட்டில் உள்ள துவக்குகளைத் தயாராக வைத்திரு, வீட்டைக் காக்கவேண்டி வரலாம் என்று அதில் சொல்கிறார். அத்தோடு அறுவடையையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அந்த விளைச்சலை அனுபவித்து இறைவனுக்கு நன்றி சொல்ல நாம் மிஞ்சியிருக்கவேண்டும் என்று பிரார்த்திக்கிறார். போருக்குப் போகிறவர் வயலைப் பற்றிக் கவலைப்படுகிறார். எட்மண்டைப் பற்றி நான் வாசித்தவற்றில் இந்த ஒரு கடிதம்தான் அவரைப் பக்கத்து வீட்டு மனிதராக எனக்குக் காட்டியது.

1642 ஓகஸ்ட் 22ஆந் திகதி நொட்டிங்ஹாமில் மன்னர் தன் போர்க்கொடியை ஏற்றினார். அந்தக் கொடியின் பொறுப்பு எட்மண்டிடம் கொடுக்கப்பட்டது. நாள் பார்த்து ஏற்றிய கொடி நல்ல சகுனம் காட்டவில்லை. பலத்த காற்று அதைச் சாய்த்துவிட்டது. எதிர்பார்த்த அளவுக்கு ஆட்களும் வந்து சேரவில்லை. மன்னரின் ஆலோசகர்களில் ஒருவரான எட்வர்ட் ஹைட், எல்லாரும் சோர்ந்திருப்பதைக் கண்டு, எட்மண்டிடம் போய் முகத்தையாவது மலர்ச்சியாக வைத்து மற்றவர்களுக்குத் தைரியம் கொடுங்கள் என்று கேட்டார். எட்மண்ட் அவரிடம் மனந்திறந்து பேசினார். உங்களுக்கு இந்தப் போரில் நம்பிக்கை இருக்கிறது, எனக்கு இல்லை என்றார். மன்னர் பாராளுமன்றம் கேட்டவற்றை விட்டுக்கொடுத்திருக்கவேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆயர்களின் மேல் எனக்குப் பக்தி எதுவும் இல்லை. ஆனால் ஏறக்குறைய முப்பது வருடம் அவருடைய உணவை உண்டு அவருக்குச் சேவை செய்தவன் நான். ஆபத்து வரும்போது விட்டுப்போகும் ஈனத்தனம் என்னால் முடியாது. என் மனச்சாட்சி ஒப்பாதவற்றைக் காப்பதற்காக என் உயிர் போகும் என்பது எனக்குத் தெரியும். இதுதான் அவர் சொன்னதன் பொருள். ஹைட் பிற்காலத்தில் இந்த உரையாடலைத் தன் நூலில் எழுதி வைத்ததால்தான் நமக்கு இது கிடைத்திருக்கிறது.

தமிழில் இதற்குச் செஞ்சோற்றுக் கடன் என்று பெயர் இருக்கிறது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யக்கூடாது என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்வார்கள். எட்மண்ட் செய்தது சரி என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பிழையான பக்கம் என்று தெரிந்தும் ஒரு கொடியைத் தூக்கினால் அதன் கீழ் இறக்கும் மற்றவர்களுக்கும் நாம் பொறுப்பல்லவா? மறுபுறம், மன்னரின் நல்ல காலத்தில் பதவி வாங்கிக்கொண்டு கெட்ட காலத்தில் கழன்றுகொண்ட எத்தனையோ பேரோடு ஒப்பிட்டால் அவரை வெறுக்கவும் முடியவில்லை. வகுப்பில் இதை விவாதித்தபோது நாங்கள் இரண்டாகப் பிரிந்துபோனோம். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

1642 ஒக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை. வார்விக்ஷயரில் எட்ஜ்ஹில் என்ற குன்றின் அடிவாரத்தில் இரு படைகளும் முதன்முதலாகப் பெரிய அளவில் மோதின. ஒவ்வொரு பக்கத்திலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அன்று எட்மண்ட் இரும்புக் கவசமும் அணியவில்லை, படைவீரர்கள் வழக்கமாகப் போடும் தடித்த தோற்சட்டையும் அணியவில்லை. ஏன் என்று அவருடைய நண்பர்களுக்கே விளங்கவில்லை. மாலைப் பொழுதில் மன்னரின் குதிரைப்படை, ஓடிய எதிரிகளைத் துரத்திக்கொண்டு களத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டது. காவலற்று நின்ற காலாட்படையைப் பாராளுமன்றப் படை நெருக்கியது. சண்டை அரச கொடியைச் சுற்றி வந்துவிட்டது. எட்மண்டின் பணியாளர் அவர் பக்கத்திலேயே வெட்டுண்டு விழுந்தார். அவரைக் கொன்றவன் உட்பட இருவரை எட்மண்ட் தன் கையாலேயே வீழ்த்தினார். கொடிக்கம்பையே ஈட்டியாக்கிக் குத்தி அதன் நுனியை உடைத்தார். பின்பு அவரும் விழுந்தார். கொடி எதிரிகளின் கைக்குப் போனது. அன்று மாலையே ஜோன் ஸ்மித் என்ற இளம் அதிகாரி அதை மீட்டு மன்னரிடம் சேர்த்து, சேர் பட்டம் பெற்றார்.

கொடி திரும்பியது. கொடியை ஏந்தியவர் திரும்பவில்லை.

இலண்டனில் ரால்புக்குச் செய்தி எட்டியது. தகப்பனின் உடலைக் கண்டுபிடிக்க அவர் எடுக்காத முயற்சி இல்லை. களத்துக்கு அருகே இருந்த ஊர்களில் இறந்தவர்களை அடக்கியவர்களிடம் ஆளனுப்பி விசாரித்தார். பலன் கிடைக்கவில்லை. தான் ஆதரித்த படைதான் தகப்பனைக் கொன்றது என்ற நினைவோடு, அடக்கவும் உடல் இன்றி, அவர் அந்த மாதங்களைக் கழித்தார். ஊரில் ஒரு கதை பரவியது. கொடியைப் பறிக்கவந்தவர்களால் எட்மண்டின் பிடியை விடுவிக்க முடியாமல் கையையே வெட்டினார்களாம். வெட்டிய கை கம்பைப் பற்றியபடியே இருந்ததாம். அதில் மன்னரின் சிறிய உருவம் பதித்த மோதிரம் இருந்ததாம். கை கிளேய்டனுக்கு வந்து சேர்ந்ததாகவும், அதைத் தேடி அவருடைய ஆவி வீட்டில் நடமாடுவதாகவும் இன்றும் சொல்வார்கள். ஆவிக் கதை எப்படிப் போனாலும் மோதிரம் கிளேய்டனில் இருக்கிறது.

தகப்பன் போனபின் ரால்பின் தலையில் விழுந்தது கடனும், திருமணமாகாத ஐந்து தங்கைமாரும். அவர்களில் இளையவளுக்கு ஒன்பது வயது. சீதனத்துக்கென்று தகப்பன் ஒதுக்கிய வருமானங்கள் போரோடு நின்றுபோயின. 1643இல் பாராளுமன்றம் ஸ்கொட்லாந்தோடு கூட்டுச்சேர்ந்து, உறுப்பினர் எல்லாரும் ஒரு மத உடன்படிக்கையில் கையொப்பமிடவேண்டும் என்றது. ரால்ப் மறுத்தார். தான் நம்பாத ஒன்றுக்கு ஆணையிட முடியாது என்பது அவருடைய நிலை. மன்னருக்காகத் தகப்பன் பட்டதைப் போலவே, பாராளுமன்றத்தால் மகனும் பட்டார். மனைவியோடு பிரான்சுக்குத் தப்பிப் போனார். அவையிலிருந்து நீக்கப்பட்டார். மன்னரின் ஆளென்று முத்திரை குத்திக் கிளேய்டனையும் பறித்துக்கொண்டார்கள்.

காணியை மீட்டவர் ரால்ப் அல்ல, அவருடைய மனைவி மேரி. பெற்றோரை இழந்து பதின்மூன்று வயதில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் அவர். 1646இன் இறுதியில், கர்ப்பிணியாக, கணவனைப் பிரான்சில் விட்டுவிட்டுத் தனியே இலண்டனுக்கு வந்தார். குழுவுக்குக் குழு ஏறி இறங்கினார். பெரிய மனிதர்களின் மனைவிமாரைக் கண்டு பேசினார். அங்கேயே ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். அது சில மாதங்களில் இறந்தது. ஏறக்குறைய அதே நாட்களில் பிரான்சில் தகப்பனோடு இருந்த சிறுமகளும் இறந்தாள். இரண்டு பிள்ளைகளை இழந்த நிலையிலும் மேரி வழக்கை விடவில்லை. 1648 ஜனவரியில் பறிமுதல் நீக்கப்பட்டது. கிளேய்டன் மீண்டும் குடும்பத்துக்கு வந்தது. ஆனால் மேரி அதில் வாழவில்லை. 1650இல் பிரான்சின் புளுவா நகரில் நோயுற்று இறந்தார். அதற்கு முந்திய ஆண்டு மன்னர் சார்ள்ஸ் மரணதண்டனைக்குள்ளானார். அதே ஆண்டில் இளைய எட்மண்டும், அயர்லாந்தின் ட்ரோகெடா நகர் குரொம்வெல்லிடம் வீழ்ந்தபின், கொல்லப்பட்டார்.

இவை எல்லாம் இவ்வளவு விவரமாக நமக்குத் தெரிவது ரால்ப் கடிதங்களை எறியாத காரணத்தால்தான். ஆயிரக்கணக்கான கடிதங்கள் கிளேய்டனில் இரு நூற்றாண்டுகள் கிடந்தன. 19ஆம் நூற்றாண்டில் அவற்றை வாசித்துத் தொகுத்து நூலாக்கும் வேலையைத் தொடங்கியவர் அந்த வீட்டுக்கு மணம்முடித்து வந்த பார்த்தெனோப் என்ற பெண்மணி. அவர் யாரென்றால், நாம் சிறு வகுப்புகளில் படித்த விளக்கேந்திய சீமாட்டி புளோரன்ஸ் நைட்டிங்கேலின் உடன்பிறந்த அக்கா. தங்கை புகழ் பெற்றார். அக்காவின் பெயரை நானும் இந்தக் கட்டுரைக்காகத் தேடும்வரை அறியவில்லை.

ரால்ப் 1653இல் நாடு திரும்பினார். திரும்பியதும் கிளேய்டன் கோவிலில் ஒரு சலவைக்கல் நினைவுச்சின்னம் அமைத்தார். அதில் நான்கு உருவங்கள். தகப்பன், தாய், மனைவி, தான். தாயின் உடல் அங்கே இருக்கிறது. பிரான்சிலிருந்து கப்பலில் கொண்டுவந்த மேரியின் உடலும் அங்கே இருக்கிறது. 1696இல் ரால்பும் அங்கே அடங்கினார். எட்மண்டின் உருவத்தின் கீழ் மட்டும் எதுவும் இல்லை.